பீடிக்குப் பயந்த கிருமி

போன வாரம் சுகந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருஷங்களில் கூட வேலை பார்த்த செவிலியர். இப்போது அவளுடைய ஆஸ்பத்திரியில் புகையிலையை விடச் சொல்லி ஆலோசனை கொடுக்கத் தனி அறை ஒதுக்கி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கறுத்துப்போன நுரையீரல் படம் ஒன்று, எல்லாம் கொடுத்து அவளை உட்கார வைத்திருக்கிறார்களாம். வருகிறவர்கள் படத்தை நின்று பார்த்துவிட்டு, இது யாரோ வடக்கத்திக்காரனுடைய நுரையீரல் என்று முடிவு செய்துகொண்டு போய்விடுகிறார்களாம்.

“அதுகூடப் பரவால்ல சிஸ்டர். கொரோனாவுல பீடி புடிச்சவன் ஒருத்தன்கூட சாவல, புடிக்காதவன்தான் செத்தான்னு அடிச்சி சொல்றாங்க. நீங்க அப்ப வார்டுலயே இருந்தீங்களே, நான் இன்னா பதில் சொல்றது?” என்று கேட்டாள்.

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. மீதியை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவிலியர் படிப்பு முடித்தேன். கல்வராயன் மலை மேல் வேலை போட்டபோது அழுதுகொண்டே ஏறினேன். பல வருஷம் கழித்துக் கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றியபோது அழுதுகொண்டே இறங்கினேன். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது, இனி நிம்மதியாக ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அப்போது கொரோனா வந்தது.

கூடவே ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இத்தனை விஞ்ஞானிகள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. எல்லார் வாயிலும் ஏதாவது ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பஞ்சு வைத்த சிகரெட் மட்டுமே பிடிப்பவர். காற்றோடு வருகிற கிருமி அந்தப் பஞ்சில் சிக்கிக்கொள்ளும், ஆகவே தனக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார். அப்படியானால் நாள் முழுக்க சிகரெட் வழியாகவேதான் மூச்சு விடுகிறீர்களா சார் என்று கேட்டேன். அரசாங்க ஊழியர்களுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

உளுந்தூர்பேட்டையில் லாரியை நிறுத்திவிட்டு வந்த டிரைவர் ஒருவர் முகக்கவசத்தை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். நடுவில் மட்டும் பீடி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை சுட்டு வைத்திருந்தார். “சட்டத்துக்கு சட்டமும் ஆச்சி, நமக்கு நம்ம வேலையும் ஆச்சி” என்றார். புகையிலையை வாயில் அடக்கிக்கொள்பவர்களுக்குத் தனிக் கட்சி. நாங்கள் புகைப்பதே இல்லையே, எங்களை எதற்கு இதில் இழுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு என் காலடியில் துப்பினார்கள்.

மலை மேலே முகாமுக்குப் போனபோது சந்தித்த, சுருட்டு பிடிக்கும் பெரியவர் ஒருவரோ கொஞ்சம் யோசிக்க வைத்தார். தேன் எடுக்கப் போகிறவர்களுக்குத் தலைவர் அவர். “புகை போட்டா தேனீயே ஓடுது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி நின்னுடுமா?” என்றார். தேனீயைக் கண்ணால் பார்த்து விரட்டுகிறவர் சொல்வதில் ஒரு ஒழுங்கு இருந்தது. தேன் கூடு மரத்தில் இருக்கிறது, நீங்கள் புகை போடுவது உங்கள் நெஞ்சில் என்று மட்டும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே வாட்ஸப் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் புகைப்பவர்களுக்கு இந்த நோய் கம்மியாக வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். எந்த நாடு என்று அனுப்பியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. ஆனால் ஊரடங்கில் பெட்டிக்கடை எல்லாம் மூடியிருந்த காலத்தில் மருந்துக் கடையைத் தேடாமல் பீடியைத் தேடி அலைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கிருந்தோ ஒரு பீடி கிடைத்தால் அதை நாலு பேர் மாற்றி மாற்றி இழுத்தார்கள். கிருமியை விரட்ட ஒருவர் எச்சிலை ஒருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

இவர்களையெல்லாம் சமாளிக்க எனக்கு வாய்த்த அதிகாரி டாக்டர் ரஹீமா. சொந்த ஊர் கள்ளக்குறிச்சியேதான். அவருடைய அப்பா கடைவீதியில் பீடி, சிகரெட் மொத்த வியாபாரம் செய்தவர். டாக்டர் அதை மறைத்ததில்லை. “எங்க அத்தா வித்த பீடியிலதான் சிஸ்டர் நான் டாக்டருக்குப் படிச்சேன். இப்ப அத்தாவோட கஸ்டமர எல்லாம் நான் பாத்துக்கினு இருக்கேன். வியாபாரம் கை மாறல” என்பார்.

நான் நோயாளி வாயைத் திறந்ததும் பதிலுக்கு எதையாவது குத்திச் சொல்லிவிடுவேன். என் சுபாவம் அது. டாக்டர் அப்படியில்லை. புகைப்பவர் தன் தத்துவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கடைசி வரைக்கும் கேட்பார். நடுவில் மறுக்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார். “அப்புறம்?” என்பார். “அப்புறம்?” என்று இன்னொரு தடவை கேட்பார். மூன்றாவது தடவை சொல்லப் புகைப்பவரிடம் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் டாக்டர் தன் வேலையை ஆரம்பிப்பார்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்ன மிஷினை அவர் பயன்படுத்துகிற முறையை நான் மறக்கவே மாட்டேன். நாங்களெல்லாம் விரலைப் பிடித்து மாட்டி, முதலில் வருகிற எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அவர் முதலில் நோயாளியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். விரல் குளிர்ந்திருந்தால் மிஷின் சரியாகக் காட்டாது. நகத்தில் மருதாணி இருந்தால் வேறு விரல். மாட்டிய பிறகு எண்ணைப் பார்க்காமல் நோயாளியின் கழுத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே இழுக்கிறதா, தோள் எழும்புகிறதா என்று பார்ப்பார். கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுவார். வெளியே வரிசை வளைந்து ரோடு வரை நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அவர் யாருக்காகவும் குறைத்ததில்லை. பிறகு நோயாளியை வேப்பமரம் வரை நடந்து வரச் சொல்லி, மறுபடி பார்ப்பார்.

இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஏழுமலை வந்தார்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டுபவர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயசு. பெரிய மீசை, உரத்த குரல். ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் காத்துக் கிடக்கும்போது மற்ற டிரைவர்களுக்கு உலக நடப்பை விளக்கிச் சொல்கிறவர். புகைக்குக் கிருமி அண்டாது என்பதை அந்த வட்டாரத்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் இவர்தான் என்று பின்னால் தெரிந்தது. ஆட்டோவில் அவர் கூட்டிவந்தது மனைவி பூங்காவனத்தை. கரும்பு வெட்டும் கூலிவேலைக்குப் போகிறவர், ஒல்லியான உடம்பு. பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. ஆட்டோவிலிருந்து இறங்கி நடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண் பூங்காவனத்துக்கு எண்பத்தெட்டு காட்டியது. உடனே கொரோனா மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். பிறகு ஏழுமலையைப் பார்த்தார்.

“உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு நாளா லேசா உடம்பு வலி. நமக்கு வராதுங்க இது. நான் புடிக்கறவன்.”

“அப்புறம்?”

அவர் தத்துவத்தை முழுசாகச் சொன்னார். டாக்டர் முழுசாகக் கேட்டார். பிறகு மிஷினை மாட்டினோம். தொண்ணூற்றேழு. ஏழுமலை வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி அந்த விரலைத் தூக்கிக் காட்டினார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

டாக்டர் விரலைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை வைத்து எண்ணி முடித்துவிட்டு, “கடைசியா எப்ப பீடி புடிச்சீங்க?” என்று கேட்டார்.

“இதோ, ஆட்டோவ வுட்டு எறங்கறப்பதான். ஒண்ணு முடிச்சி ஒண்ணு.”

“ரத்தத்துல ஏறியிருக்கறது நல்ல காத்தா, பீடிப் புகையான்னு இந்த மிஷினுக்குப் பிரிச்சிப் பாக்கத் தெரியாதுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து நல்ல எண்ணாக் காட்டிடும். உங்க மூச்சு வேற சொல்லுது. அந்த மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க.”

போகும்போது மீசையை நீவிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பாதியில் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மிஷின் தொண்ணூறுக்கு வந்திருந்தது.

“பேட்டரி கம்மியா கீதுங்க இதுல” என்றார்.

இரண்டு பேரையும் கொரோனா மையத்துக்கு ஏற்றினோம். ஒரு கல்லூரி விடுதியைக் காலி செய்து அமைத்திருந்த மையம் அது. டாக்டரையும் என்னையும் அங்கேயும் சுழற்சி வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், நடுவில் ஒரு நடைபாதை.

பூங்காவனத்துக்கு மூச்சு கொஞ்சம் அடங்கிய நேரத்தில், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா, புகை உண்டா என்றெல்லாம் வழக்கம்போல விசாரித்தேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அவருதான் சிஸ்டரு ஊதுவாரு. தெனம் சாயங்காலம் கதவ சாத்திட்டு, என் மூஞ்சிக்கு நேரா. புகை போனா உனக்கும் வராதுன்னு. கண்ணு எரியும், இருமல் வரும். சரி, நல்லதுக்குன்னு ஆசயா செய்யறாரேன்னு வுட்டுட்டேன்.”

முகக்கவசத்துக்குள் என் வாயில் ஒரு குத்தல் பேச்சு வந்தது. அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லி என்ன பயன் என்று விழுங்கிவிட்டேன்.

அடுத்த நாட்களில் ஏழுமலைக்கு மெல்லத் தேறியது. பூங்காவனத்துக்குத் தேறவில்லை. முகத்தில் மாட்டிய கவசம் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டே இருந்தது. எண் ஏறும், பேசினால் இறங்கும், தண்ணீர் குடிக்க எழுந்தால் இன்னும் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கேட்டிருந்தோம். எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. பெண்கள் கூடத்தின் கோடியில் நான் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவசரப்பட முடியாத வேலை அது. கையில் எண்ணெய்ப் பிசுக்கோ, கைகழுவும் சானிடைசரின் ஈரமோ இருக்கக் கூடாது. வால்வை மெதுவாகத் திருப்ப வேண்டும். தண்ணீர்க் குப்பியில் குமிழி வருகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு நிமிர்ந்தால், மறுகோடியில் பூங்காவனத்தின் கட்டிலருகே ஏழுமலை குந்தியிருந்தார்.

மனைவியின் ஆக்சிஜன் கவசத்தை ஒரு பக்கமாக விலக்கிவிட்டிருந்தார். வாயில் பீடி. ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் குச்சி.

அந்தப் பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. கண்ணாடி வேறு வேர்த்து மங்கியிருந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அவர் மணிக்கட்டை என் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். குச்சி உரசப்படாமலே ஒடிந்து கீழே விழுந்தது. தீப்பெட்டியைப் பிடுங்கித் தண்ணீர் பாட்டிலில் முக்கினேன். கவசத்தை மறுபடி அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்து அழுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரம்மா, நடந்தது இன்னதென்று தெரியாமல், நான் ஏதோ மருந்து கரைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “தண்ணி இன்னும் ஜாஸ்தியா ஊத்தும்மா” என்றார்.

பீடி எப்படி உள்ளே வந்தது என்றால், ஊரிலிருந்து ஒரு நண்பர் கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தில், இலைக்கும் காகிதத்துக்கும் நடுவில். சட்னி மறந்துபோயிருந்தது. பீடியும் தீப்பெட்டியும் மறக்கவில்லை.

ஏழுமலை எதிர்க்கவில்லை. குந்திய இடத்திலேயே இருந்துகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

“எனக்கு இல்ல சிஸ்டரு. அவளுக்குத்தான். ஒரே ஒரு இழுப்பு ஊதிட்டுப் போயிடலாம்னு வந்தேன். வூட்ல இருந்த வரைக்கும் நல்லாதான் இருந்தா. இங்க வந்து புகை நின்னதுல இருந்துதான் மோசமாய்க்கினு போறா. நான் பாத்துக்கினே இருக்கறேன், நீங்க யாரும் அத கவனிக்கல.”

 டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தேன். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒடிந்த குச்சியைப் பார்த்தார். எப்போதும்போல “அப்புறம்?” என்று கேட்கவில்லை. தரையில் அவருக்கு எதிரே தானும் உட்கார்ந்தார்.

“அந்தக் குழாயில போறது சாதாக் காத்து இல்லீங்க. சின்னப் பொறி பட்டாக்கூட பெருசா பத்திக்க வெச்சிடும். நீங்க அந்தக் குச்சியக் கிழிச்சிருந்தா முதல்ல எரியறது அவங்க மூஞ்சி. அப்புறம் உங்க கை. அப்புறம் இந்தக் கூடம்.”

ஏழுமலை வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் இன்னாதான் செய்யறது?” என்றார். “சும்மா உக்காந்து பாத்துக்கினு இருக்கவா?”

“வேலை இருக்கு” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பூங்காவனத்தைக் குப்புறப் படுக்க வைக்கும் பொறுப்பு அவருக்கு. குப்புறப் படுத்தால் நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகும். வேலையில் இருந்த எங்கள் சில பேருக்கு ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கக் கை போதாது. டாக்டர் ஒரு தடவை செய்து காட்டினார். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, கணுக்காலுக்குக் கீழே மடித்த போர்வை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கவசம் அழுந்தாமல், குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொன்று உடம்போடு. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கம் மாற்ற வேண்டும். வயிறு அழுந்துகிறது என்று நோயாளி கெஞ்சினாலும் சமாதானம் சொல்லிப் படுக்க வைக்க வேண்டும். முதுகில் வைத்த கையை எடுக்காமல், மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் செய்தார். பீடி இல்லாமல் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தார். சாப்பாட்டில் குறை, விசிறியில் குறை, என் நடையில்கூடக் குறை. ஆனால் அவர் கை அந்த முதுகை விட்டு நகரவில்லை. உலக நடப்பை விளக்கிக்கொண்டிருந்த வாய், “கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் இரண்டு கூடத்திலும் இறந்தவர்கள் உண்டு. புகைத்தவர்களும் இறந்தார்கள், புகைக்காதவர்களும் இறந்தார்கள். நான் பார்த்தவரைக்கும் பீடி பழகிய நெஞ்சுகள்தான் அதிகம் திணறின. சுகந்தி, உன்னிடம் வந்து அடித்துச் சொல்கிறவர்களுக்கு நீ சொல்ல வேண்டியது இதுதான். செத்துப்போன பீடிக்காரர் டீக்கடைக்கு வந்து தன் அனுபவத்தைச் சொல்வதில்லை. பிழைத்தவர் மட்டும்தான் வந்து சொல்கிறார். அவர் சொல்வது மட்டுமே கேட்கிறது.

பூங்காவனம் பிழைத்தார். மெல்ல, ஒவ்வொரு எண்ணாக ஏறி, ஒரு நாள் கவசத்தைக் கழற்றிவிட்டு ரசம் சோறு கேட்டார்.

அவர்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, அந்தப் பக்கம் பார்வையிடப் போனபோது அவர்கள் ஊரில் இறங்கினேன். டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

“ஏழுமலை வூடா? புகை ஊதி பொண்டாட்டிய பொழைக்க வெச்சாரே, அவருதான? டாக்டருங்க கை வுட்டுட்டாங்களாம். இவரு யாருக்கும் தெரியாம உள்ள பூந்து ரெண்டு இழுப்பு வுட்டாராம். அப்பவே எழுந்து உக்காந்துடுச்சாம்.”

எனக்குத் தெரிந்து நான் அந்தக் கையை முறுக்கியிருந்தேன். ஊரில் அது இப்படி வந்து சேர்ந்திருந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தேன்.

அவர் வீட்டு வாசலில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சடையன் என்று பெயர், மரவள்ளி போடுகிறவர். கண் சிவந்திருந்தது, இருமல் விடாமல் வந்தது. கையில் புதுசாக ஒரு கட்டு பீடி. வைத்தியருக்குத் தட்சணை. உள்ளே பூங்காவனம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஊதறதெல்லாம் பொய்ப்பா. நான் அவள கொல்லப் பாத்தேன். வூட்லயும் கொல்லப் பாத்தேன், அங்க போயும் கொல்லப் பாத்தேன். இதோ வராங்களே, இந்த சிஸ்டருதான் என் கைய புடிச்சாங்க. கேட்டுக்க.”

சடையன் என்னைப் பார்த்தார். பிறகு அவரை மரியாதையோடு பார்த்தார்.

“பெரியவங்க அப்டிதாங்க சொல்லுவாங்க, தன்னால ஒண்ணும் இல்லன்னு” என்றார். “எனக்கு ஒரு இழுப்பு மட்டும் ஊதி வுடுங்க, நான் போய்டறேன்.”

நான் சடையன் விரலில் மிஷினை மாட்டப் போனேன். அதற்குள் ஏழுமலை அந்தப் பீடிக்கட்டை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். சடையனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, டிராக்டரில் ஏற்றினார். ஏறும் வரைக்கும் அந்த ஆள், ஊதுவது ஆஸ்பத்திரியிலா, வீட்டில் கிடையாதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். “ஆமா, அங்கதான்” என்றார் ஏழுமலை. பிறகு என்னிடம், “நெசத்த சொன்னா வர மாட்டான் சிஸ்டரு” என்றார். சடையனை டாக்டர் ரஹீமாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். நேரத்தோடு வந்ததால் அவரும் பிழைத்தார். அந்தப் பெருமையும் ஏழுமலையின் புகைக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று கேள்வி.

நான் ஓய்வு பெற்ற பிறகு சந்தையில் பூங்காவனத்தைப் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் மட்டும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், பீடி உண்டா என்று கேட்டேன்.

“நடுவுல ரெண்டு மூணு தடவ ஆரமிச்சாரு, வுட்டாரு. இப்ப சுத்தமா இல்ல சிஸ்டரு. ஆனா அவரோட பெரிய ரோதனையா இருக்குது.”

“ஏன், என்ன செய்யறாரு?”

“நான் அடுப்பாண்ட உக்காந்தா வந்து நின்னுக்கறாரு. ஈர வெறகுல கொஞ்சம் புகை கெளம்பினா போதும், துண்ட எடுத்து என் மூஞ்சிக்கு முன்னாடி வீசிக்கினே இருக்கறாரு. சோறு வடிக்க வுட மாட்டேங்கறாரு.”